தேவியின் பொன்னாடை

வியாழன், இரவு.

இன்னும் கை கூசுகிறது.

புதுவாயல் விழாவில் தேவிக்கு நான்தான் பொன்னாடை போர்த்தினேன். அறிவு வளர்ச்சி குறைந்த பெண், வயது இருபத்தாறு. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடித்ததற்காக அந்த மரியாதை. மேனேஜர் முதலில் முடியவே முடியாது என்றார். "ஒரு தடவை காட்டுங்க சார், அப்படியே புடிச்சிக்கும்" என்று நான் சண்டை போட்டு வாங்கிய வேலை. எம்.எல்.ஏ. ஆன நாளிலிருந்து இவளைப் போன்றவர்களுக்காகச் சட்டசபையில் கத்துகிறவள் நான்.

போட்டோ எடுத்தார்கள். உடனே என் கை அவள் தோளிலிருந்து அந்தப் பொன்னாடையை உருவி, பின்னால் நின்ற உதவியாளரிடம் நீட்டிவிட்டது. என் தோளில் விழுவதையெல்லாம் அப்படித்தான் தள்ளிவிடுவேன். மேடையில் எங்களுக்கு அதுதான் பழக்கம். தேவிக்கு அது எப்படித் தெரியும்?

"நா இன்னா தப்பு பண்ணேம்மா?" என்றாள். அதற்குள் மைக்கில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் நகர்ந்துவிட்டேன், வெட்கங்கெட்டவள்.

மனசு கேட்கவில்லை. சாயங்காலம் பொன்னாடையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். தோளில் போர்த்தினேன். சிரித்தாள். போட்டோவுக்கு நிற்பதுபோல் கொஞ்ச நேரம் நேராக நின்றாள். இது உனக்குத்தான் என்று நான் வாயைத் திறப்பதற்குள் தானே கழற்றினாள், அழகாக மடித்தாள், என் கையில் வைத்தாள். "இந்தாங்கம்மா."

ஒரு தடவை காட்டினால் போதும் என்று நான்தானே சொன்னேன்.