அம்மாவின் கண் படத்தில் இருக்கும் புள்ளிகள்

அன்பு மகன் டில்லிபாபுவுக்கு உன் அம்மா எழுதுவது. ஊரூர் குப்பத்தில் நானும் உன் தங்கச்சியும் நல்லபடியாக இருக்கிறோம். துபாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். மழை இல்லை, வலையில் நெத்திலிதான் விழுகிறது.

மேலே இருப்பதும் அடியில் இருக்கும் ஆசீர்வாதமும் அம்மா சொன்னது அண்ணா. நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்குகிறாள். ஏரோகிராமின் நடுவில் விட்டு வைத்த இடத்தை அவளுக்குத் தெரியாமல் தெரு விளக்கில் நான், தமிழ்நிலா, நிரப்புகிறேன். போன மாதம் லீவில் வந்தபோது சர்க்கரை வியாதிக்காக லேசர் வைத்த அம்மாவின் வலது கண்ணுக்குள் எடுத்த படங்களை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாயே. லேசருக்கு முன்னால் எடுத்ததில் சிவப்பாக நாலைந்து திட்டு, பின்னால் எடுத்ததில் ஓரமெல்லாம் வரிசையாக வெள்ளைப் புள்ளி. உடனே, "நல்லா இருந்த கண்ண சுட்டு ஓட்ட போட்டுக்கீறானுங்க, இன்னொரு கண்ணுல எவனையும் கை வெக்க வுடாத" என்றாய். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் துபாய்க்காரன் சொன்னால் சரி என்று தலையாட்டினார்கள். ஏசி மெஷின் கழற்றி மாட்டுகிறவனுக்குக் கண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவாய்.

நேற்று பள்ளி விட்டதும் அந்தப் படங்கள் இருந்த உறையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுக்கிற ஹபீபுர் ரஹ்மான் சார், "புள்ளிய எண்ணாத பாப்பா, அது லேசர் பட்ட தழும்பு, இருக்கத்தான் இருக்கும்" என்று சொல்லி, கையில் சாய ஊசி போட்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்து வைத்தார். முன்னால் எடுத்ததில் ரத்தக் குழாயிலிருந்து சாயம் கசிந்து, ஈரத் தாளில் மை மாதிரி பரவிக் கிடந்தது. பின்னால் எடுத்ததில் கசிவே இல்லை. இடது கண்ணில் இன்னும் கசிகிறதாம். லேசர் பார்வையைக் கூட்டாது, ஆனால் விட்டால் இருக்கிறதும் போய்விடும் என்றார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் அன்றைக்கும் அதே உறையில்தான் இருந்தன. "இது இன்னாடா, கலரே இல்ல" என்று தள்ளி வைத்தவன் நீதான்.

அம்மா இப்போது செவுளைப் பார்த்து மீன் எடுப்பதில்லை, மோந்து பார்த்து எடுக்கிறாள். "எனுக்கு மூக்கு கீதுடி" என்று சிரித்தபோது நீயும் கூடச் சிரித்தாய். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி இடது கண்ணுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "வெச்சிக்கலாமான்னு அவன ஒரு வார்த்த கேட்டு எழுது" என்றாள். அந்த வரியை நான் எழுதவில்லை, எழுதியதாகப் படித்துக் காட்டினேன். ஏதாவது தப்பாகி அந்தக் கண் போனால் பழி என் தலையில்தான். ஆனால் உன் கடிதங்களை அவளுக்குப் படிப்பதும் நான்தான். பதினெட்டாம் தேதி காலை உன் கடிதம் என்று ஒன்று படிப்பேன். அதில் நீ நல்ல பிள்ளையாக, போய் லேசர் வைத்துக்கொள் அம்மா என்று எழுதியிருப்பாய். முடிந்தால் அதற்குள் நீயே அப்படி எழுதி அனுப்பு.

மகராசனாக இரு. வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள், கண் பத்திரம்.

இப்படிக்கு
உன் அம்மா
தங்கபுஷ்பம்