சர்வே எண் 212-ஐச் சுற்றி ஆறு குழிகள்

12-2-96, திங்கள்

இன்று நாற்பத்தெட்டு பதிவுகள் ஏற்றினேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்து, திரும்பவும் நின்றுகொண்டே வந்தேன். இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போர் போட அனுமதி கொடுத்த பழைய பதிவேடுகள் மொத்தம் பதினான்கு, 81-லிருந்து. எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டால் எந்த சர்வே எண்ணைக் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் தேடிச் சொல்லிவிடலாமாம். அதிகாரி வைகுண்டராஜ் சார் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறார். ஏற்றுகிறவள் நான். தூசி, பூச்சி அரித்த ஓரம், அங்கங்கே மஞ்சள் கறை வேறு. எந்த மகராசன் இதன்மேல் வைத்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டானோ.

கம்ப்யூட்டரில் ‘தண்ணீர் உண்டா’ என்று ஒரு கட்டம். உண்டென்றால் ‘ஒய்’, இல்லையென்றால் ‘என்’ என்று இங்கிலீஷ் எழுத்து. பதிவேட்டில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. பெயர், சர்வே எண், தேதி, ஆழம் - அவ்வளவுதான். சாரிடம் கேட்டேன். “ஆழம் எழுதியிருக்கான்ல? எல்லாத்துக்கும் ஒய் போடும்மா கிருபா” என்றார். போட்டேன். கேள்வி கேட்டால் இன்னும் ஒரு பஸ் தவறும்.

15-2-96

அறுபத்தொன்று. கழுத்து வலி.

26-2-96, திங்கள்

முதன்முதலாகத் தேடிக் கேட்டு வந்தார்கள். சோழபுரம் மாரிச்சாமி, அவர் சம்சாரம் அழகுத்தாய். கிணறு வற்றி தொண்ணூறு தென்னையும் மட்டை தொங்கி நிற்கிறதாம்.

“எங்க நெலத்தச் சுத்தி யாருக்காவது தண்ணி விழுந்திருக்கான்னு பெட்டியில பாத்துச் சொல்லுங்கம்மா” என்றார் மாரிச்சாமி.

அவர்களுடைய சர்வே எண் 212 என்று அடித்தேன். சுற்றிலும் ஆறு குழிகள். ஆறுக்கும் ஒய். எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தப் பெட்டியால் யாருக்கோ ஓர் உபயோகம். அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

“ரெண்டு மாட்டையும் வித்துத்தான் போர் வண்டியக் கூப்பிடணும். அவிய யோசிச்சுக்கிட்டே கெடந்தாவ. இப்பத்தான் தெம்பு வந்திருக்கு” என்றாள் அழகுத்தாய்.

10-3-96, ஞாயிறு

ஆலயத்தில் பிரசங்கத்தின்போது தூங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் ஜெபதுரை இடித்து எழுப்பினார். மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த மனுஷன் முழித்திருக்கிறார், நான் தூங்குகிறேன்.

14-3-96, வியாழன்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

தனுஷ்கோடி என்று ஒரு பெரியவர் பென்ஷன் விஷயமாக வந்தார். ஆபீஸுக்கே சொந்தமாகப் போர் வண்டி இருந்த காலத்தில் அதை ஓட்டியவர். அப்போதெல்லாம் பதிவேடும் வண்டியிலேயே போகுமாம். என் மேஜையில் விரித்திருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு அந்த மஞ்சள் கறையை விரலால் தடவினார். “அட, இன்னும் அழியலையே” என்றார்.

“என்ன பெரியவரே அது?”

“தண்ணி பீச்சிக்கிட்டு வந்ததும் கொழாய்க்கு மஞ்சள் பூசிக் கும்பிடுவோம் தாயி. அந்தக் கையோட நோட்டுலயும் ஒரு பொட்டு வச்சிருவோம்.”

“வராத குழிக்கு?”

“ஆழத்தை மட்டும் எழுதுவோம். தண்ணி இல்லைன்னு எழுத எனக்குக் கை வராது. நெலத்துக்காரன் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருப்பாம்லா.”

அவர் போனதும் சோழபுரம் பக்கங்களைப் புரட்டினேன். 212-ஐச் சுற்றி ஆறு குழிகள். ஆறும் அந்த வண்டி போட்டவைதான். ஒன்றில்கூட மஞ்சள் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். இல்லை.

சாரிடம் சொன்னேன். “ஜில்லாவுக்கு அனுப்பியாச்சு. மஞ்சளுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல கட்டம் இருக்காம்மா?” என்றார்.

15-3-96, வெள்ளி

லீவு போட்டுவிட்டு சோழபுரம் போனேன். பஸ் நிற்கிற இடத்திலிருந்து வெயிலில் இரண்டு மைல் நடை.

தொழுவம் காலியாக இருந்தது. மாடுகள் போன சனிக்கிழமையே போய்விட்டனவாம். செவ்வாய்க்கிழமை வண்டி வருகிறது. நான் கொடுத்த தாள் சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சந்தனம் வைத்து.

ஒன்று விடாமல் சொன்னேன். மாரிச்சாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“கையெழுத்து நீங்கதானம்மா போட்டீய?”

“நான்தான். தப்புங்க. நிறுத்திருங்க.”

“மாடு போயிருச்சு. மரம் நிக்காது. நிறுத்திட்டு என்ன செய்யச் சொல்லுதீய? கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்லுதீய. நான் அதையே நம்பிட்டுப் போறேன்.”

அழகுத்தாய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. குடித்தேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவளுக்கு மோர். எனக்கு என்னை நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

19-3-96

212-ல் நானூற்று இருபது அடி. புழுதி.

25-3-96, திங்கள்

212-ல் போட்ட புதுக் குழியின் படிவம் வந்தது. ‘தண்ணீர் உண்டா’ கட்டத்தில் ‘என்’ என்று அடித்தேன். சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டாயிரம் குழிக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணு மட்டும் ‘என்’னா? மேலே கேப்பாங்கம்மா. ஒய் போடு.”

ஒய் போட்டேன். ஏன் போட்டேன்? வேலை போய்விடுமென்றா? அதுவுமில்லை. எதிர்த்துப் பேசத் தெம்பில்லை, அவ்வளவுதான். இதைவிடக் கேவலமான காரணம் உண்டா கிருபா?

2-4-96

சாப்பிடப் பிடிக்கவில்லை. ஜெபதுரையிடம் சொன்னேன். “மாத்தி அடிச்சா என்ன, தூக்குலயா போட்ருவாவ?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

17-6-96, திங்கள்

அழகுத்தாய் வந்தாள். ஆளே பாதியாகிவிட்டாள். வறட்சி நிவாரணத்துக்கு எழுதிப் போட்டார்களாம். ‘உங்கள் நிலத்தில் தண்ணீருள்ள போர் இருக்கிறது’ என்று தள்ளிவிட்டார்களாம். பெட்டி அப்படிச் சொல்கிறதாம். நான் அடித்த ஒய்.

“தண்ணி இல்லைன்னு ஒரு எழுத்து எழுதித் தரணும்மா. அது போதும்.”

சார் அறையைப் பார்த்தேன். உள்ளேதான் இருந்தார். இருக்கட்டும். ஆபீஸ் தாளை எடுத்து என் கையால் எழுதினேன். சோழபுரம், சர்வே எண் 212, ஆழம் 420 அடி, தண்ணீர் இல்லை. கையெழுத்து, முத்திரை. அவள் எதிரிலேயே கம்ப்யூட்டரிலும் ‘என்’ என்று மாற்றினேன். சுற்றியிருந்த ஆறையும் மாற்றினேன். சார் கதவருகில் வந்து நின்றார். “மத்ததையும் பதிவேட்டப் பாத்து மாத்தப்போறேன் சார்” என்றேன். மேலே யார் பதில் சொல்வது என்றார். நான் சொல்கிறேன் என்றேன். உள்ளே போய்விட்டார். இவ்வளவுதானா! இதை மார்ச்சிலேயே செய்திருக்கலாமே, பாவி.

அழகுத்தாய் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அவிய எப்படி இருக்காவ?” என்று கேட்டேன்.

“ஆலங்குளம் பக்கம் கல் குவாரிக்குப் போறாவம்மா. அங்கயும் குழி போடுத வேலதான், வேட்டு வைக்கதுக்கு.” பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். “குழியில தண்ணி வந்தா வேட்டு நமுத்துப் போயிருமாம். நேத்து அவிய போட்ட குழியில தண்ணி வந்துருச்சுன்னு மேஸ்திரி ஏசுனாராம்.”

சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போனாள்.