இடப்பக்கச் சன்னல்

அன்பு மகளுக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருடைய நினைப்பும். எங்கள் நலத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் சொல்லி வந்ததில் பாதிதான் உண்மை, மீதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு என்ன திடீரென்று கடிதம் எழுதும் ஆசை என்று நினைப்பாய். உன் அம்மாவின் காது இப்போது அப்படிக் கூர்மையாகிவிட்டது, மாடிப்படியில் நின்று மெல்லப் பேசினாலும் சமையலறையிலிருந்து பதில் சொல்கிறாள். கடிதம் என்றால் அவள் எதிரிலேயே எழுதலாம். அப்படித்தான் எழுதுகிறேன். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். என்ன எழுதறீங்க, பேனா இந்த ஓட்டம் ஓடுது என்று கேட்டாள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறேன் என்றேன். பாவம், எல்லாப் பிள்ளைங்களையும் ஃபெயில் பண்ணிடாதீங்க என்று சிரித்தாள். உன்னைப் பற்றியும் அவளைப் பற்றியும் எழுதிய பக்கம் அவள் கைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது, அவளுக்கு அது தெரியவில்லை.

அம்மாவுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில், இடது ஓரத்தில் மட்டும், நகத்தின் நுனி அளவுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கண்ணில் அழுத்தம், சொட்டு மருந்து போடுகிறாள், கட்டுக்குள் இருக்கிறது என்றுதான் உனக்குச் சொல்லியிருந்தோம். கட்டுக்குள் இருந்ததும் உண்மைதான், போன மழைக்காலம் வரை. அதற்குப் பிறகு என்ன ஆனதோ, யாரோ விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவது போல ஆகிவிட்டது. எங்கள் கண் டாக்டர் கெட்டிக்காரர், சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டியிருக்கிறார், நமக்கு நிறைய டைம் இருக்கு சார் என்று என் தோளில் தட்டிச் சொன்னார். இப்போது கேட்டால், சில பேருக்கு இப்படித்தான் வேகமா போயிடும் என்கிறார். அந்தச் சில பேரில் என் மனைவி ஒருத்தி என்று முன்னாலேயே ஏன் தெரியவில்லை என்று கேட்டேன், கோபப்படாதீங்க, உங்க பிரஷரும் ஏறிடும் என்றார். இந்த ஓரமும் அடுத்த கோடைக்கு இருக்காது என்று என்னை மட்டும் தனியாக வைத்துச் சொன்னார். அம்மாவுக்கு அதை நான் சொல்லவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை, அதனால் அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

பெயின்ட் கடை வேலையைத் தோள்வலி என்று சொல்லி விட்டாளே, அதுவும் பொய். ஒரு வாடிக்கையாளர் சாம்பல் நிறச் சீட்டைக் கொடுத்து அதே நிறம் கலந்து கேட்டிருக்கிறார், இவள் கலந்து கொடுத்ததை அடித்துப் பார்த்தால் சுவர் இளம்பச்சையாக நின்றிருக்கிறது. இந்த ஊரில் எந்த வீட்டுச் சுவருக்கும் சீட்டுகூடப் பார்க்காமல் நிறம் கலப்பவள் அவள். முதலாளி ஒன்றும் திட்டவில்லை. அக்கா, நீங்க கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்களேன் என்று மரியாதையாகச் சொன்னாராம். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

இப்போது மலைப் பயணத்துக்கு வருகிறேன். தேசியப் பூங்காவின் அந்த உச்சி ஏரிப் படத்தை நீதான் அவளுக்கு அனுப்பினாய். இந்த நிறத்தை எந்த டப்பாவை எதோடு கலந்தாலும் கொண்டுவர முடியாது, போட்டோக்காரன் ஏதோ கை வேலை பண்ணியிருக்கான், நேர்ல பார்த்தாத்தான் நம்புவேன் என்று அவள் சொன்னதும், அப்போ வாம்மா, வண்டியிலேயே மலை முழுக்கச் சுத்திட்டு ஏரிக்கரையில டென்ட் போட்டுப் படுக்கலாம் என்று நீ சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். நீ அதைப் பிறகு இரண்டு தடவை தள்ளிப்போட்டாய். முதல் தடவை உன் ஆபீஸ் வேலை, இரண்டாம் தடவை உன் சிநேகிதி கல்யாணம். குற்றம் சொல்லவில்லை என்று எழுத வேண்டும், எழுத வரவில்லை. அந்த முதல் கோடையில் அவளுக்கு இரண்டு கண்ணும் இருந்தன.

இந்த மூன்றாம் தடவைக்கான ஏற்பாடு முழுவதும் நான் செய்தது. எல்லோரும் கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கே இறங்குவார்கள். நான் நம்மை மேற்கு வாசலில் நுழைகிற மாதிரி பதிவு செய்திருக்கிறேன். பூங்கா அலுவலகத்தில் ஒரு பெண், சார், அப்படி வந்தீங்கன்னா காலையில வெயில் நேரா மூஞ்சியில அடிக்குமே, யாரும் அப்படி வர மாட்டாங்களே என்று இரண்டு முறை கேட்டாள். அடிக்கட்டும் என்றேன். மேற்கிலிருந்து ஏறினால் பள்ளத்தாக்கும் அருவிகளும் ஏரியும் வழி முழுக்க இடப்பக்கம் வரும். அம்மா முன்னால், இடப்பக்கச் சன்னல் ஓரம். அந்த ஓரக்கண்ணுக்கு நேராக எல்லாம் ஓடும். வரைபடத்தை விரித்து வைத்து, எந்த வளைவில் எது எந்தப் பக்கம் திரும்பும் என்று வளைவு வளைவாகப் பார்த்துத்தான் கூடாரம் அடிக்கும் இடங்களைத் தேர்ந்தெடுத்தேன். என் படிப்பு இந்த ஒரு வேலைக்காவது உதவியது. கல்லூரியில் அதற்கு என்ன மரியாதை என்பது உனக்கே தெரியும், புவியியல் துறைக்குத் தலைவராக இருப்பவர் இன்னும் அந்தக் கைகுலுக்கிதான், திசைகாட்டியைத் தலைகீழாகப் பிடிப்பவர், ஆனால் வருகிறவர் போகிறவர் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கத் தெரிந்தவர். சரி, அது கிடக்கட்டும்.

நான் செய்த காரியத்தைக் கேள். அம்மாவுக்குப் படம் தெரியாதே, கையால் தடவிப் பார்க்கட்டும் என்று அந்த மலையை அட்டையில் செய்தேன். செருப்புக் கடைக்காரனிடம் பழைய பெட்டிகள் வாங்கி, வரைபடத்தில் இருக்கிற சம உயரக் கோடுகளின்படி வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே சுவருக்குப் பூசும் பட்டியைப் பூசிக் காயவைத்தேன். சாலைக்குச் சணல் கயிறு, ஏரிக்கு உன் பழைய பௌடர் டப்பாவின் கண்ணாடி. மாணவர்களுக்குச் செய்கிற மாதிரியே அழகாக வந்தது. அதுதான் வினையாகப் போய்விட்டது. எங்கள் வழக்கத்தில் உயரத்தை மட்டும் ஐந்து மடங்கு கூட்டித்தான் செய்வோம், இல்லாவிட்டால் மேசைமேல் வைக்கிற அளவில் மலை மலையாகவே தெரியாது. இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாக அப்படியே செய்துவிட்டது, நான் யோசிக்கவே இல்லை. அம்மா கயிற்றின்மேல் விரலை வைத்து மேற்கு வாசலிலிருந்து ஆசையாக ஏறிக்கொண்டே வந்தாள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் விரல் வழுக்கி மேசையில் விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. என்னங்க இது, ரோடா சுவரா, இதுலயா என் பொண்ணு வண்டி ஓட்டப் போறா என்று கேட்டாள்.

விளக்கிச் சொன்னேன். உயரம் ஐந்து மடங்கு பொய், நிஜத்தில் பஸ் போகிற சாதாரணச் சரிவு என்று தலைகீழாக நின்று சொன்னேன். நம்பவில்லை. டாக்டர் சொன்னதையும் நீங்க இப்படித்தான் சொன்னீங்க, எல்லாம் சரியாயிடும், பயப்படாதேன்னு, என் கை தொட்டுப் பார்த்ததை விட உங்க பேச்சை நம்பணுமா என்றாள். அவளைத் தேற்றுவதற்காக நான் சொன்ன நல்ல வார்த்தைகள் எல்லாம் சேர்ந்து, நான் உண்மை சொல்கிற ஒரு நாளில் என் வாயை அடைத்துவிட்டன. விடாமல் இன்னொன்று செய்தேன், இந்த முறை உயரமும் நீளமும் ஒரே அளவில், ஒரு துளி கூட்டாமல். மலை முழுவதும் படுக்கை விரிப்பில் விழுந்த சுருக்கம் மாதிரிதான் வந்தது. அவள் உள்ளங்கையை அங்குமிங்கும் நகர்த்தித் தேடினாள். மலை எங்கேங்க என்று கேட்டாள். அப்புறம், என்னைக் கூட்டிட்டுப் போறதுக்காக இப்போ எல்லாத்தையும் சப்பையாக்கிட்டீங்களா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உன்னிடம் போனில் முழங்கால் வலிக்கிறது, மலையெல்லாம் ஏற முடியாது, வேண்டாம் பாப்பா என்று சொன்னாள். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. வண்டியில் போகிற பயணத்துக்கு முழங்கால் எதற்கு என்று நீ கேட்பாய் என்று பக்கத்தில் நின்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ, அடுத்த வருஷம் கண்டிப்பா போகலாம் என்றாய். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. உன் குரலில் ஒரு சுமை இறங்கினது மாதிரி இருந்தது. அது என் காதின் கோளாறாகவும் இருக்கலாம். அம்மா போனை வைத்துவிட்டு, பாவம், அவளுக்கும் லீவு கிடைக்கிறது கஷ்டம் என்று உனக்குப் பரிந்து பேசினாள். எனக்கு உன்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை, உனக்குத் தெரியாமல் நாங்கள்தான் மறைத்தோம் என்று தெரிந்தும் ஆறவில்லை. அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்கு இல்லை அம்மாடி. ஏரி இருக்கும், சாலை இருக்கும், அவளும் இருப்பாள். பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

நானே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். கழுத்தெலும்புத் தேய்மானத்துக்குப் பிறகு இரண்டு வளைவு திரும்பினாலே எனக்குத் தலை சுற்றுகிறது, பள்ளத்தாக்கு ஓரத்தில் அவளை வைத்துக்கொண்டு அந்த விஷப்பரீட்சை எழுத மாட்டேன். உன் மாமாவைக் கேட்டேன். உடன்பிறந்த அக்காவாயிற்றே என்று மானத்தை விட்டுக் கேட்டேன். பார்க்கலாம் மச்சான், சீசன்ல கடையை விட்டு நகர முடியாதே என்றான். நம் கூடாரத்தை இரவல் வாங்கிப்போய்ப் பாதி முளைகளைத் தொலைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவன் வேறு என்ன சொல்வான். ஆகவே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பதிவை ரத்து செய்யப் போனைக் கையில்கூட எடுத்துவிட்டேன்.

அதற்குள் நேற்று இது நடந்தது. கல்லூரியில் பிற்பகல் வகுப்பு இல்லை, சீக்கிரம் வந்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை, பக்கத்து வீட்டில் மாவு அரைக்கிற சத்தத்தில் நான் திறந்தது அவளுக்குக் கேட்கவில்லை. உள்ளே கூடத்தில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் அம்மா கூடாரம் அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு. இருக்கிற கொஞ்சம் வெளிச்சமும் வேண்டாம் என்று வேண்டுமென்றே மூடிக்கொண்டு. கம்பியின் நுனியை விரலால் தேடி, துணியின் ஓட்டையில் நுழைத்து, அது வளைந்து நழுவி விழ, மறுபடி எடுத்து நுழைத்து. தரையில் முளை அடிக்க முடியாதே, அதற்குப் பதில் மூலைக்கு ஒன்றாக அரிசி டப்பா, பருப்பு டப்பா, உன் பழைய இஸ்திரிப் பெட்டி, நாலாவது மூலைக்கு என் அகராதி. ஒருவழியாக அது கோணலாக எழுந்து நின்றது. சுற்றி வந்து தடவிப் பார்த்தாள். பிறகு குனிந்து உள்ளே போய்ச் சன்னல் வலைக்குப் பக்கத்தில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். என்னைப் போன்ற ஒருவன் அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்து, தெருமுனை வரை நடந்துவிட்டு, திரும்பி வரும்போது படியிலேயே பெரிதாக இருமிக்கொண்டு வந்தேன். அதற்குள் எல்லாம் மடித்து மூட்டை கட்டியாகிவிட்டது. ஒட்டடை அடிச்சேங்க, அதான் சோபாவை நகர்த்தினேன் என்றாள். சரி என்றேன். அகராதியைத் தலைகீழாக அலமாரியில் வைத்திருந்தாள்.

இன்று காலை பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்து நாம் வருவதை உறுதி செய்துவிட்டேன், மூன்று பேர் என்று. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மேலே பனி விழத் தொடங்கியதும் சாலையை மூடிவிடுவார்கள், அதற்கு முந்தின வாரம் நம்முடையது. உன் மேலதிகாரியிடம் கெஞ்சுவாயோ சண்டை போடுவாயோ, லீவு வாங்கிக்கொண்டு வா. இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் இரண்டாம் கியரில் வை. எதிரே வருகிறவனுக்கு நீயே ஒதுங்கி வழி விடு, கௌரவம் பார்க்காதே. ராத்திரி குளிர் எலும்பைத் துளைக்கும், உன் அந்த மெல்லிய சட்டைகளை நம்பி வராதே, கம்பளி எடுத்துக்கொள். மருந்துக் கடைக்காரரிடம் சொல்லி அம்மாவின் சொட்டு மருந்துக்குக் குளிர்ப்பெட்டி வாங்கிவிட்டேன், அது என் பொறுப்பு. ஏரிக்கரையில் அழாதே. அதை மட்டும் எப்படியாவது அடக்கிக்கொள், சத்தம் வராவிட்டாலும் அவள் மூச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள்.

இப்போது பட்டாணி முடிந்து, தோல்களை மேசையில் தடவித் தடவி ஒன்று சேர்க்கிறாள். இன்னுமா திருத்தறீங்க, அந்தப் பையன் எவ்வளவுதான் எழுதியிருக்கான் என்கிறாள்.

நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும், கண் இரண்டும் கடைசி வரை தெளிவாக இருக்க வேண்டும். வருடா வருடம் கண்ணில் அழுத்தம் பார்த்துக்கொள், இது பெற்றவர்களிடமிருந்து வரக்கூடியது என்று அந்த டாக்டர் சொல்கிறார், அவர் சொன்னதில் இதையாவது நம்புவோம். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் கடிதம் கிடைத்த அன்றே அம்மாவுக்குப் போன் செய். உனக்காகத்தாம்மா போறோம் என்று நீ அவளிடம் சொன்னால் வரமாட்டாள். எனக்காக வா என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், உங்களுக்கு மலைன்னாலே தலை சுத்துமே என்று சிரித்தாள். நீ சொல். அலுத்துப்போயிருக்கேன்மா, எனக்கு எங்கேயாவது போகணும், நீ கூட வந்து உட்கார்ந்தா போதும் என்று சொல். உனக்கு வேண்டும் என்றால் அவள் சுவர்மேல்கூட ஏறி வருவாள்.

உன் பதிலுக்காக அல்ல, உனக்காகவே காத்திருக்கும்
அப்பா