ஒன்பதாவது பூ

ஓஷ்
1984 செப்டம்பர் 16

தாலாயின் அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். ராணுவத்திலிருந்து தாலாய் எழுதிய கடிதம் இங்கேயும் வந்தது. சாப்பாட்டில் உப்பே இல்லையாம். இருபது வயதுப் பிள்ளைக்கு அதுதான் பெரிய கவலை.

அக்காவின் முழங்காலுக்காக வந்தேன் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருப்பீர்கள். முழங்கால் ஜூலையிலேயே சரியாகிவிட்டது. அக்கா இப்போது சந்தைக்கு என்னைவிட வேகமாக நடக்கிறாள். ஆனாலும் நான் இங்கேயே இருக்கிறேன். ஏன் என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தபால் நிலையத்திலிருந்து தொலைபேசியில் பேசினால் மூன்று நிமிடமும் "ம்" என்கிறீர்கள். அதற்குக் கட்டணம் கட்டுவது வீண். இனி எழுதுங்கள். "ம்" என்று எழுத உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

ஒரு விஷயம். இந்த மாதம் ஆபரா இசைநாடக அரங்கில் புதுப் பருவம் தொடங்குகிறது. ஐந்தாம் வரிசையில் பதினான்கு, பதினைந்து, இரண்டு நாற்காலிகளுக்கும் பருவச்சீட்டுப் புத்தகம் அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. வருடா வருடம் இரண்டாகத்தான் வாங்குகிறேன், ஒன்று உங்களுக்கு. இருபத்தேழு வருடத்தில் நீங்கள் வந்தது ஒரே ஒரு நாள். மே மாதம், என் ஐம்பதாவது பிறந்தநாளில். அன்று பாடகி ஜிப்பார் மேடையில் செத்துக்கொண்டே அவ்வளவு மெல்லிய குரலில் பாடுகிறாள், அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் குறட்டை விட்டீர்கள். சாகிறவளே சிரித்துவிட்டாள். அதைக்கூடப் பொறுத்தேன். வீட்டுக்கு நடக்கும்போது எப்படி இருந்தது என்று கேட்டேனே, அதற்கு என்ன சொன்னீர்கள்? "நாற்காலி மெத்துன்னு நல்லா இருந்துச்சு."

புத்தகத்தை வீணாக்க வேண்டாம். ரசிக்கத் தெரிந்த யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இங்கே நாடக அரங்கில் சீட்டு விற்க ஆள் தேடுகிறார்கள். தங்க ஓர் அறையும் தருவார்களாம். என்ன சொல்கிறீர்கள்?

புருல்ச்சா


ஃப்ரூன்சே
செப்டம்பர் 30

அன்புள்ள புருல்ச்சாவுக்கு,

நலம். நமது ஆப்பிள் மரம் இந்த வருடம் தாறுமாறாகக் காய்த்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைக் கண்டாலே ஓடுகிறார்கள், வாளியோடு வருவேன் என்ற பயம்.

புத்தகத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. நானே போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. காலை நான்கு மணிக்கு டிராலிபஸ்ஸை எடுக்கிறவன் சாயங்காலம் இருட்டில் உட்கார்ந்தால் தூக்கம் வராதா? அதனால் இந்த முறை மத்தியானமே தூங்கி எழுந்து போனேன். கண்ணைக் கொட்டவில்லை. ஆனால் ஒன்றும் புரியவில்லை.

ஒரு பையன் தாயைத் தேடி வருகிறான். பையனுக்கு என் வயது இருக்கும், தொப்பையும் உண்டு. தாய்க்கு அவன் மகள் வயது. இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், என் பக்கத்தில் இருந்த ராணுவ அதிகாரியும் அழுகிறார். வாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் "இதோ குத்துகிறேன், குத்துகிறேன்" என்று கால் மணி நேரம் பாடுகிறான். குத்தப்படப் போகிறவனும் ஓடாமல் நின்று பதில் பாடுகிறான். என் வண்டியில் இவர்கள் ஏறினால் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் ஒருவனும் இறங்க மாட்டான். கடைசியில் செத்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து கும்பிடுகிறார்கள். கிளாவாவிடம் கேட்டேன். வாசலில் சீட்டு கிழிக்கிறாளே, உன் சிநேகிதி. "அட, உனக்கு இதையெல்லாம் வெளக்க எனக்கு ஆயுசு பத்தாதுய்யா" என்றாள்.

விளக்கு அணைந்ததும் பின்வரிசையிலிருந்து மயிர்த்தொப்பி வைத்த ஒருத்தி வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். முடியும் வரை எழவில்லை.

சீட்டு விற்கும் வேலை உன் விருப்பம்.

எசென்குல்


ஓஷ்
அக்டோபர் 9

தாலாயின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்துத் தேநீரை மடியில் கொட்டிக்கொண்டாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இருபத்தேழு வருடம் கெஞ்சியும் வராத மனிதர், நான் மலைக்கு இந்தப் பக்கம் வந்ததும் தனியாகப் போய் உட்கார்ந்திருக்கிறார். இதை நான் எந்தக் கணக்கில் வைப்பது?

அவர்கள் ஏன் குத்தாமல் பாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மனதில் இருப்பதைச் சொல்லி முடிக்காமல் யாரும் அங்கே சாவதில்லை. அதுதான் விஷயம். நிஜத்தில் நாமெல்லாம் சொல்லாமலே செத்துப் போகிறோம். அதனால்தான் அந்த ராணுவ அதிகாரி அழுதார்.

அந்த மயிர்த்தொப்பிக்காரி யார்? ஒருத்தியைப் பற்றி மூன்று வரி எழுதிவிட்டு என் வேலையைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். உன் விருப்பமாம். திருமணத்தன்று என் தாய் "என் பெண்ணை நல்லா வச்சிக்குவீங்களா மாப்ள?" என்று கேட்டதற்கும் "அது அவ விருப்பம்" என்று சொன்னவர்தானே நீங்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா?

மேலாளர் நவம்பர் 15 வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொண்டால் என் குடியிருப்புப் பதிவை இந்த ஊருக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் மாற்றியதுதான். புரிகிறதா?

புருல்ச்சா


ஃப்ரூன்சே
அக்டோபர் 21

அன்புள்ள புருல்ச்சாவுக்கு,

நலம். முதல் பனி விழுந்து அன்றே கரைந்தது. ஆப்பிளை அறுத்துக் காயவைத்திருக்கிறேன். உன்னைப் போல மெல்லிசாக வரவில்லை, செருப்புத்தோல் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது நாடகமும் பார்த்தேன். இது சிரிப்பு நாடகம், பாட்டும் ஆட்டமும். ஒருத்தி முகமூடி கட்டிக்கொண்டு விருந்துக்கு வருகிறாள். அவளுடைய சொந்தக் கணவனே அவளை அடையாளம் தெரியாமல் பின்னாலேயே சுற்றுகிறான். கண்ணை மட்டும் மறைத்தால் பெண்டாட்டியைத் தெரியாமல் போகுமா? நடை இல்லையா, குரல் இல்லையா? எனக்குக் கோபமே வந்துவிட்டது. "யோவ், அது உன் பொண்டாட்டிதான்யா!" என்று முணுமுணுத்தேன். கொஞ்சம் சத்தமாகவே முணுமுணுத்துவிட்டேன் போலிருக்கிறது. முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். கோட்டு வைக்கும் உடுப்பறையில் முப்பது கோபெக் வாடகை கொடுத்துத் தூரக்கண்ணாடி எடுத்தால், முடிந்ததும் வரிசையில் நிற்காமல் கோட்டை முதலில் வாங்கிவிடலாம். ஐந்தாம் வரிசைக்குத் தூரக்கண்ணாடி எதற்கு என்று இவ்வளவு நாள் உன்னைக் கேலி செய்தேன். நீ கெட்டிக்காரி.

உன் நாற்காலியில் இந்த முறை என் தொப்பியை வைத்தேன். கிளாவா வந்து "தொப்பிக்கெல்லாம் இங்க சீட்டு இல்ல, எடு" என்று திட்டிவிட்டு எடுத்துப் போனாள். உடனே யாரோ ஒரு கிழவர் உட்கார்ந்தார். வெங்காய வாசனை.

அந்த வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்க யோசிக்க என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உஸ்கென் அரிசி கிடைத்தால் அனுப்பு. இல்லையென்றால் வேண்டாம்.

எசென்குல்


ஓஷ்
நவம்பர் 1

எசென்குல் அவர்களுக்கு,

பெயரை எழுதிவிட்டேன். ஊரார் பார்த்தால் பார்க்கட்டும். தாலாயின் அப்பா என்று எழுதக் கை வரவில்லை.

கிளாவா எழுதியிருக்கிறாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன். "புருல், உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு? சனிக்கிழமை புதுக்கோட்டும் கழுத்துப்பட்டையுமா வந்தார். கையில வெள்ளை ஆஸ்டர் பூங்கொத்து. பக்கத்து நாற்காலியில ஒரே ஒரு பூவை வச்சிட்டு, விளக்கு அணையுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தார். யாரும் வரல. முடிஞ்சதும் மேடைக்கிட்ட போய் மிச்சப் பூவை ஜிப்பார் கையில கொடுத்தார். ஜிப்பார் எண்ணிப் பாத்தா. எட்டு! முகம் வெளுத்துப்போச்சு. உள்ள போய், 'நான் அடுத்த வருஷம் உயிரோட இருக்க மாட்டேனா கிளாவா'ன்னு ஒரே அழுகை."

எட்டு! கல்லறைக்குத்தானே இரட்டைப்படையில் பூ கொண்டுபோவோம்? பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. மே மாதம் அவள் பாட்டைக் குறட்டையால் கொன்றீர்கள். இப்போது அவளுக்கே கருமாதி செய்துவிட்டீர்கள்.

சரி, அது அவள் பாடு. என் பாட்டைச் சொல்கிறேன். என் நாற்காலியில் யாருக்குப் பூ வைத்தீர்கள்? அந்த மயிர்த்தொப்பிக்காரிக்கா? புதுக்கோட்டு யாருக்காக? என்னோடு வந்த அன்று பணிமனைக் கோட்டில்தானே வந்தீர்கள், கிரீஸ் கறையோடு? நான் இங்கே உட்கார்ந்து, மனிதருக்கு ஆபரா பிடித்துப்போய்விட்டது என்று பைத்தியக்காரி மாதிரி அக்காவிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி கிளாவாவின் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி புரிகிறது. ஒன்றுகூட எனக்கு நல்லதாகப் புரியவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள். "ம்" என்று எழுதினாலும் சரி, இந்த முறை அதை வைத்துக்கொண்டே முடிவு செய்துவிடுவேன். 15ஆம் தேதிக்கு அதிக நாள் இல்லை.

புருல்ச்சா


ஃப்ரூன்சே
நவம்பர் 8

என் புருல்ச்சாவுக்கு,

உன் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. சமையலறையில் நின்றபடியே படித்தேன். ஒரு மணி நேரம் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எட்டா? நான் வாங்கியது ஒன்பது. சந்தையில் பூ விற்கும் கொரிய அக்கா என் முன்னால்தான் எண்ணினாள். "ஒம்பது, உயிரோட இருக்கறவங்களுக்கு" என்று சொல்லியே கொடுத்தாள். அப்புறம் அரங்கில் நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. ஒன்பதில் ஒன்றை உன் நாற்காலியில் வைத்தேன். மிச்சம் எத்தனை என்று யார் யோசித்தது?

அந்த நாற்காலி வேறு யாருடையது புருல்? அது உன்னுடையது. தொப்பிக்காரி உட்கார்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. தொப்பி வைத்தேன், கிளாவா எடுத்துவிட்டாள். பேருந்தில் இடம் பிடிக்கக் கைக்குட்டை போடுவதைத் தினமும் பார்க்கிறவன்தானே நான். பூவை வைத்தால் யாரும் உட்கார மாட்டார்கள் என்று தோன்றியது. உட்காரவில்லை. வாசலை ஏன் பார்த்தேன்? அன்று உனக்கு ரொம்பப் பிடித்த நாடகம், எட்டாவது முறையும் பார்ப்பேன் என்று சொல்வாயே, அது. ஒருவேளை சொல்லாமல் விமானம் ஏறி வந்துவிடுவாயோ என்று பார்த்தேன். ஜிப்பாருக்குப் பூ கொடுத்தது உன் சார்பில். ஒவ்வொரு வருடமும் நீ கொடுப்பாயே, இந்த வருடம் விட்டுப்போகக் கூடாது என்றுதான். அதோடு குறட்டைக்கு மன்னிப்பும். கோட்டு புதிதில்லை, தாலாயுடையது. கை நீளம், மடித்துப் போட்டுக்கொண்டேன்.

முகமூடி நாடகத்தில் அந்தக் கணவனை முட்டாள் என்று திட்டினேன். இங்கே பெண்டாட்டியே தன்னை அடையாளம் தெரியாமல் தன்மேலேயே சக்களத்திச் சண்டை போடுகிறாள். யாரை யார் திட்டுவது?

ஆறாம் தேதி நடிகர்கள் வரும் பின்வாசலில் போய் நின்றேன். அந்த ஒரு பூ வீட்டில் தண்ணீர்க் கோப்பையில் இருந்தது, கொஞ்சம் வாடியிருந்தது. ஜிப்பாரிடம் நீட்டி, "அம்மா, இது ஒன்பதாவது. அன்னிக்கு இதை விட்டுட்டேன். இப்ப ஒத்தப்படை ஆயிடுச்சு, பயப்படாதீங்க" என்றேன். அவள் முறைத்துப் பார்த்தாள்.

"இத்தன நாள் இது எங்க இருந்துச்சு?"

"எம் பொண்டாட்டி நாற்காலியில."

"அவங்க எங்க?"

"ஓஷ்ல. நீங்க சாகும்போது நான் குறட்டை விட்டேன்ல, அதுல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா."

அவள் சிரித்த சிரிப்பில் காவலாளி வெளியே வந்து பார்த்தான். "அஞ்சாவது வரிசை புருல்ச்சா அக்காவா! அவங்க கைதட்டுறது மட்டும் தனியா கேக்கும் எனக்கு. திரும்பி வரச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். சொல்லவில்லை. ஐந்து மாதமாகச் சொல்லவில்லை. நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன். உன் விருப்பம் என்று சொல்வது மரியாதை என்றும் நினைத்தேன். அது மரியாதை இல்லை, பயம். வா என்று சொல்லி நீ மாட்டேன் என்றால் நான் எங்கே போவேன்?

வாளைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் மாதிரி மூன்று பக்கம் எழுதிவிட்டேன். இப்போது சொல்கிறேன். அந்த வேலைக்குப் போகாதே. பதிவை மாற்றாதே. வீடு வெறிச்சென்று இருக்கிறது. எனக்கு நீ வேண்டும். வா, புருல்.

உன் எசென்குல்

பின்குறிப்பு: அரிசி வேண்டாம். நீ வந்தால் போதும்.


ஓஷ்
நவம்பர் 13

என் எசென்குல்லுக்கு,

பழக்கமாகிவிட்டது, இனிப் பெயரையே எழுதுவேன்.

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை. "என்னடி எழுதியிருக்கார்?" என்று நச்சரிக்கிறாள். ஆப்பிளைப் பற்றி என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை மேலாளரைப் பார்த்து, வரவில்லை என்று சொன்னேன். "ஏம்மா, சம்பளம் பத்தாதா?" என்றார். "எனக்கு அங்க ஒரு நாற்காலி இருக்குங்க" என்றேன். பெரிய பதவி என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்று கைகொடுத்தார்.

பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை விமானத்தில் வருகிறேன். அன்று சாயங்காலம் நாடகம் உண்டு, எனக்குத் தெரியும். உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள். காலை நான்கு மணிக்கு எழுகிற மனிதர் என்பதை நானும் இவ்வளவு நாள் யோசிக்கவில்லை. குறட்டை வந்தால் மட்டும் இடிப்பேன்.

பூ வாங்கும்போது பத்தாக வாங்குங்கள். கொரிய அக்கா முகம் சுளிப்பாள், "யார் செத்தது?" என்று கேட்பாள். யாரும் சாகவில்லை, பெண்டாட்டி ஊரிலிருந்து வருகிறாள் என்று சொல்லுங்கள். ஒன்பது ஜிப்பாருக்கு. ஒன்றை நாற்காலியில் வைக்காதீர்கள், என் கையில் கொடுங்கள்.

உங்கள் புருல்ச்சா

பின்குறிப்பு: அரிசி ஐந்து கிலோ கட்டிவிட்டேன். விமான நிலையத்துக்கு வாருங்கள், தூக்க ஆள் வேண்டும்.