கரவனுக்குள் பால் காய்ச்சச் சொன்னாள்

தம்பி குகன்,

புட்டும் முட்டைப்பொரியலும் மூடி வைத்திருக்கிறேன், ஆறமுன்னம் சாப்பிடு. நான் பாடன் நகருக்கு, என் சிநேகிதி யோகாம்பாள் வீட்டுக்குப் போகிறேன்.

நீ காருக்குப் பின்னால் கொழுவி இழுத்து வந்த கரவன் என்கிற வண்டிவீட்டைப் பற்றி ஒரு கேள்வி. காலமை உன்ரை மனிசி, “மாமி, நாளைக்குக் கரவனுக்குள்ளை நீங்கள்தான் பால் காய்ச்சவேணும்” என்றாள்.

“வாகனத்துக்குச் சில்லுக்குக் கீழை தேசிக்காயெல்லோ வைக்கிறது பிள்ளை? குடிபோற வீட்டுக்குத்தானே பால்?”

நான் கேட்க, சிரித்துக்கொண்டே வேலைக்கு ஓடிவிட்டாள். உள்ளே எட்டிப் பார்த்தால் என்ரை போர்வை, என்ரை பிள்ளையார் படம்!

ஆரையடா அதுக்குள்ளை குடியிருத்தப் போறியள்? என் அறையை விட்டு நான் எழும்பமாட்டேன். கரவனைப் பூட்டிவிட்டேன், திறப்பு என்னோடுதான் வருகிறது.

அம்மா

பி.கு. ரசத்தைச் சூடாக்கு.

ஊர் சுத்திப் பாக்கத்தான் வாங்கினது என்றால் இண்டைக்கே வந்து சொல்லு, ராசா. யன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு.