வாங்காத கடனுக்கு வருகிறவர்

அன்புள்ள உங்களுக்கு,

இரவு வேலை முடிந்து உறங்குகிறவரை எழுப்ப மனம் வரவில்லை, பொறுத்தருள்க. உங்கள் பெயரில் எவரோ வாங்கிய கடனைப் பற்றி வங்கியில் புகார் கொடுக்கச் செல்கிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது.

அந்த வசூல்காரர் இன்று மறுபடியும் வருவாராம். தயவுசெய்து கதவைத் திறக்க வேண்டாம். "கொஞ்சம் கட்டித் தொலைச்சா விட்டுடுவான்" என்றீர்கள் நேற்று. ஒரு காசு கட்டினாலும் கடன் நம்முடையதாகிவிடும். பிறகு வீடு வாங்க நமக்கு எவரும் கடன் தரமாட்டார்கள். அதனால்தான் குரலை உயர்த்திவிட்டேன். கைபேசியில் வரும் ரகசிய எண்ணை என் அண்ணனே கேட்டாலும் சொல்லிவிடாதீர்கள்.

பி.கு.: படியிறங்கியவள் திரும்பி வந்து எழுதுகிறேன். கதவை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போகிறேன், உள்ளிருந்து திறக்க உங்கள் சாவி சட்டைப்பையில் உள்ளது.

இன்னும் ஒன்று. அடையாள அட்டை நகலில் எதற்காகக் கொடுக்கிறோம் என்று நான் உங்கள் படத்தின் குறுக்கே எழுதும்போதெல்லாம், "ஏன்டி என் மூஞ்சில கிறுக்குற?" என்று சிரிப்பீர்கள். அப்படிச் சிரித்துத்தான் சிம் கடையில் எழுதாத நகலைக் கொடுத்தீர்கள். அது எவர் கைக்குப் போயிற்றோ. இப்போது கொண்டுபோகும் நகலிலும் "புகாருக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறேன்.

முகத்தில் படாமல் எழுதியிருக்கிறேன்.