அறுப்பு மணி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை அப்பாவும் நானும் நலம், புத்தியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. நீயாவது இரண்டும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பண்ணையாரை எதிர்த்து நம் ஊர் எழுந்து நின்றுவிட்டது என்று செய்தியில் படித்துப் பெருமைப்பட்டு எழுதியிருக்கிறாய். எழுந்து நின்றது உண்மைதான். நின்றதோடு சரி.

நம் கூடத்தில்தான் கூட்டம் போட்டார்கள். விளைச்சலில் பாதிக்கு மேல் பண்ணைக்குப் போகிறது, இனி மூன்றில் ஒரு பங்குதான், கதிரையும் அவரவர் களத்திலேயே அடிப்பது என்று முடிவு. உன் அப்பா குத்தகைக்காரர்களுக்குத் தலைவர் என்பதால் எனக்குத் தேநீர் போட்டு மாளவில்லை. உன் அத்தை வேறு, அண்ணி வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். இங்கே கத்துகிறவர்கள் வயலில் என்ன செய்கிறார்கள், பார்ப்போம் என்று இருந்தேன்.

மறுநாள் காலை எல்லாரும் அரிவாளோடு வரப்பில் போய் நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். பண்ணை வீட்டு மணி அடித்தால்தான் கதிரில் கை வைப்பது என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கம் அல்லவா. பண்ணையாரை எதிர்த்து அறுக்கப் போனவர்கள் அவர் மணிக்காகக் காத்திருக்கிறார்கள். அடிக்க அவருக்கென்ன பைத்தியமா, மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். வானம் கறுத்து வருகிறது, முற்றிய நெல்மணிகள் உதிர்கின்றன, ஒரு மழை பெய்தால் வருஷத்துச் சாப்பாடு சேற்றில். சாப்பாடு கொண்டுபோன நான் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், யாராவது ஆரம்பிக்கட்டும்னு பார்க்கிறோம் என்கிறார் உன் அப்பா. தலைவர் சொல்கிற பேச்சா இது. அண்ணன் தொடாம நான் எப்படித் தொடறது என்கிறார் உன் சித்தப்பா. அத்தைகூட, மணி கேட்காம கை வரமாட்டேங்குது அண்ணி என்றாள்.

வந்த எரிச்சலில் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அறுப்பு விடுமுறை, தலைமையாசிரியை என்பதால் சாவி என்னிடம்தான் இருந்தது. கை வலிக்கும்வரை மணியை அடித்தேன். வாசலுக்கு வந்து பார்த்தால் வயலில் ஒருவர்கூட நிமிர்ந்து நிற்கவில்லை, அத்தனை பேரும் குனிந்து அறுக்கிறார்கள். பள்ளி நிர்வாகி பண்ணையாரின் மருமகன் என்பது உனக்குத் தெரியும். சாயங்காலமே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார், சாவியும் போயிற்று. அதற்கு வருந்த இங்கே ஆளில்லை. நாளைக்கும் நீயே அடிச்சிடு என்று அப்பா, சாவி இல்லேன்னா ஒரு தட்டையாவது தட்டுங்க அண்ணி என்று அத்தை. இந்த மணியை விட்டு அந்த மணியைப் பிடிக்கவா இத்தனை கூட்டம், நான் எதையும் தட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இன்று எழுந்து பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. ஜன்னலைத் திறந்தேன், அறுக்கிற சத்தம் கேட்டது. இருட்டோடு இருட்டாகப் போயிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கட்டிவைத்த சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

நீ விடுப்புப் போட்டுக்கொண்டு ஓடி வராதே. உனக்கும் அரிவாள் பிடிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது, வீட்டுக்கு அப்படி ஒருவர் போதும். பண்ணை ஆட்கள் இன்று களத்துக்கு வருவார்கள் என்று பேச்சு. சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் நானும் அங்கேயே இருக்கப்போகிறேன்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. இனி செய்தியில் எதைப் படித்தாலும் பெருமைப்படுவதற்கு முன்னால் ஒரு போன் செய்து கேள்.

உன் அம்மா